ரெங்காஸில் போட்ட சிவப்பு வளையம்

சின்னையாவின் இடது கையில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டும் எண்பத்தொன்றாம் வருஷம் பினாங்கு மலைக் காட்டில், ஒரு காராஸ் மரத்தடியில் விழுந்தன. மரத்தைக் கொத்திக்கொண்டிருந்தவனைப் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து இழுத்தார், அவன் திரும்பினான், பாராங் கத்தி ஒரே வீச்சு. விரல் போனது அவருக்கு உடனே தெரியவில்லை. மிச்சமிருந்த கையால் குத்திய குத்தில் அவன் தாடை எலும்பு விட்டுப்போனது. இரண்டு பேரும் ஒரே லாரியில், எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தர் ரத்தத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காட்டிலாகா அவருக்கு ஒரு நற்சான்றிதழும் கொடுத்தது, ஆளை அடித்ததற்காக இரண்டு மாதம் சஸ்பெண்டும் செய்தது. சான்றிதழை மனைவி நவமணி சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். சஸ்பெண்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் மூச்சு விடவில்லை.

கோபக்காரர் என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது. நிபோங் திபாலுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பதினான்கு வயதில் மரம் சீவும் உளியைப் பிடித்தவர். இருபத்தொரு வயதில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அத்தனை பேர் முன்னாலும், அம்மாவைக் கேவலமாகப் பேசிய தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கிராணியைக் கன்னத்தில் அறைந்தார். அன்று மத்தியானமே லைன் வீட்டை விட்டுத் துரத்தினார்கள். மறுநாள் ஃபெர்ரி ஏறி ஜார்ஜ் டவுனுக்கு வந்து, காட்டிலாகாவில் கூலியாகச் சேர்ந்தார். அது எழுபத்திரண்டு. இவ்வளவு பெரிய டவுனுக்குள் காடு எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களிடம், தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பின்னால் ஏறிப் பார் என்பார். அங்கே ஏறினால் நிஜமாகவே காடுதான்.

சேர்ந்த முதல் வாரம், பாதை வெட்டும்போது குறுக்கே நின்ற ஒரு செம்பட்டை மரத்தில் கோடாரியைப் போட்டார். வெட்டுவாயில் பால் கசிந்தது. ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்குப் பால் என்றால் பயமா என்ன? கையில் காய்ந்த ரப்பர்ப் பாலை உரித்து உருட்டிப் பந்து விளையாடி வளர்ந்தவர். கசிந்ததைக் கால்சட்டையில் துடைத்தார். அதே கையால் கழுத்து வேர்வையையும் துடைத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் தார் மாதிரி கறுத்தது. வேலையை மேற்பார்க்கும் மலாய் மண்டோர் ஓடிவந்து அவர் கையைத் தட்டிவிட்டு, அது ரெங்காஸ், தொட்டவனைச் சுடாமல் விடாது என்றார். அதற்குள் தொட்டாகிவிட்டது.

மறுநாள் காலையில் கழுத்து தலையளவு வீங்கியது. கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, உடைந்து, தோல் உரிந்து, மூன்று வாரம் மல்லாந்து படுக்கவும் முடியாது, குப்புறப் படுக்கவும் முடியாது. வலியில் சுவரைக் குத்திக் குத்தி முட்டி தேய்ந்தது. தழும்பு கடைசிவரை போகவில்லை. எழுந்து வந்த அன்றைக்கு முதல் வேலையாக அந்த ரெங்காஸைத் தேடிப் போய், பத்தடி தள்ளி நின்று, காறித் துப்பிவிட்டு வந்தார்.

காராஸைத் தெரிந்துகொண்டது அப்புறம்தான். நம்மூர்ப் பழைய பாட்டுகளில் சந்தனத்தோடு சேர்த்துச் சொல்லும் அகில் இருக்கிறதே, அது இந்தக் காராஸின் வயிற்றில் விளைகிறது. மரத்தைப் பார்த்தால் அப்பாவி. வெளுத்த, வழவழப்பான பட்டை. உள்ளே வெள்ளை மரம், நெருப்புக்குச்சிக்குக்கூட லாயக்கில்லாத மெத்து. முள் கிடையாது, விஷம் கிடையாது. அதற்குக் காயம் பட்டுப் புண்ணுக்குள் பூஞ்சை பிடித்தால், அந்தப் புண்ணைக் கட்ட அது ஒரு கறுப்புப் பிசினைச் சுரக்கும். வருஷக்கணக்கில் ஊறிய அந்தக் கறுப்புதான் அகில். அரபு நாட்டுக்குக் கப்பலேறுகிற சரக்கு அதுதான்.

எந்த மரத்துக்குள் சரக்கு இருக்கிறது என்று வெளியிலிருந்து லேசில் தெரியாது. தெரிந்த பழைய ஆட்கள் இலையைப் பார்ப்பார்கள், பட்டையைத் தட்டுவார்கள், தள்ளிப் போவார்கள். எண்பதுகளில் வந்த கூட்டத்துக்கு அந்தப் பொறுமையெல்லாம் இல்லை. நிற்பதையெல்லாம் வெட்டு, பிளந்து பார், ஒன்றுமில்லையென்றால் அடுத்ததுக்குப் போ. தொண்ணூற்றொன்றில் ஒரே வாரத்தில் இருபத்துமூன்று மரத்தைச் சாய்த்தார்கள். அதில் இரண்டில்தான் சரக்கு. மற்ற இருபத்தொன்றும் குடல் கிழித்துப் போட்ட ஆடு மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திறந்து கிடந்தன. சின்னையா ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கீழே இறங்கி, டத்தோ கிராமாட் சாலையில் ஒரு காப்பிக்கடையில், அந்த வேலைக்கு ஆள் பிடிக்கும் கார்த்திகேசுவைச் சட்டையோடு தூக்கி, கொதிக்கும் காப்பிச் சட்டிப் பக்கம் முகத்தைக் கொண்டுபோனார். நாலு பேர் சேர்ந்து பிடித்து இழுத்ததால் கார்த்திகேசுவின் முகம் தப்பியது. சாட்சி சொல்ல யாருமில்லாததால் சின்னையாவின் வேலையும் தப்பியது.

தொண்ணூற்றைந்தில் நிலைமை மாறும் என்று எல்லாரும் நம்பினார்கள். உலக நாடுகள் கூடிப் போட்ட பாதுகாப்புப் பட்டியலில் அந்த வருஷம் காராஸ் ஏறியது. அனுமதிச் சீட்டு இல்லாமல் அகில் எல்லை தாண்டக்கூடாது. மரங்களைக் கணக்கெடுக்க வெளியிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வந்தது. குழுவில் கனகேஸ்வரி என்று ஒரு பெண், முப்பது வயது இருக்கும், யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். தாவரவியல் படித்தவள். அட்டை ஏறுகிற காட்டில் சலிக்காமல் நடந்தாள். சின்னையாவுக்கு அவளைப் பிடித்துப்போனது. பொதுவாக அவருக்குப் படித்தவர்களைப் பிடிக்காது.

அவள் இரண்டு மரத்தையும் சேர்த்தே கணக்கெடுத்தாள். ஒரே மலை, ஒரே மண், ஒரே மழை. ஒன்று ஏன் அழிகிறது, ஒன்று ஏன் நிற்கிறது என்பதுதான் அவள் எழுத வந்த கட்டுரை. சின்னையாவின் சரகத்தில் காராஸ் நாற்பத்தொன்று, ரெங்காஸ் அறுபத்தெட்டு. காராஸின் விதை விழுந்து சில நாளுக்குள் முளைக்காவிட்டால் செத்துப்போகும். காய்க்கிற பெரிய மரத்தை வெட்டினால் அதோடு கதை முடிந்தது. ரெங்காஸிலும் நல்ல செந்நிற வைரம் இருக்கிறது, கறுப்பு வரியோடிய அழகான மரம், ஆனாலும் அதை வெட்ட ஆளுக்கு நெஞ்சு வராது. அவளுடைய தாளில் காராஸுக்கு நேரே அழியும் ஆபத்து என்றும், ரெங்காஸுக்கு நேரே கவலையில்லை என்றும் எழுதினாள். அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று சின்னையா கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டு சொன்னார். அவள் சிரித்தாள்.

அப்புறம் நடந்ததுதான் மடத்தனம். எண்ணிய மரத்தையே மறுபடி எண்ணாமலிருக்க, ஒவ்வொரு காராஸுக்கும் நெஞ்சு உயரத்தில் சிவப்புப் பெயிண்டில் ஒரு வளையம் போட்டு, தகரத்தில் எண் அடித்து ஆணியில் மாட்டினார்கள். பெயிண்ட் டின்னைச் சுமந்தது சின்னையாதான். அத்தனை அனுபவமுள்ள மனிதருக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. காட்டுக்குள் காராஸ் எது, மற்றது எது என்று கண்டுபிடிக்கத்தானே திருடன் இவ்வளவு நாள் அலைந்தான்? இப்போது டவுனிலிருந்து வருகிற எவனுக்கும், புளியமரத்துக்கும் புங்கமரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கும், சிவப்பாகக் கையைக் காட்டி, இதோ இதுதான் என்று இவர்களே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

எட்டு மாதத்தில் இருபத்தொன்பது மரம் போனது. ஒவ்வொரு அடிமரத்திலும் வளையத்துக்குச் சற்றுக் கீழே வெட்டியிருந்தார்கள். தகர எண்ணைப் பிடுங்கி, வேண்டுமென்றே, வெட்டிய இடத்திலேயே திரும்ப அடித்துவிட்டும் போனார்கள். கனகேஸ்வரி அதைப் பார்த்துவிட்டு ஒரு வேரில் உட்கார்ந்து அழுதாள். வளையங்களை அழித்துவிடலாம் என்று குழுத் தலைவருக்கு எழுதினாள். கணக்கெடுப்பு பாதியில் நிற்கிறது, எண்ணைத் தொடக்கூடாது என்று பதில் வந்தது.

மிச்சம் பன்னிரண்டு. இந்தப் பன்னிரண்டும் போனால் இந்தச் சரகத்தில் காராஸ் என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் கிடையாது. சின்னையா பத்து நாள் அந்தப் பன்னிரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தார். பதினோராவது நாள் கனகேஸ்வரியிடம் தன் யோசனையைச் சொன்னார். பன்னிரண்டு காராஸிலும் வளையத்தை அழித்து, அதே எண்ணோடு பன்னிரண்டு ரெங்காஸில் போடுவது.

அவள் முகம் வெளுத்துப்போனது. "அண்ணே, அது கண்ணி வைக்கிற மாதிரி. வர்றவங்க கூலிக்கு வர்றவங்க. மனுஷங்க அண்ணே."

"மரத்தத் தொடாதவன ரெங்காஸ் என்னா செய்யப்போவுது, மிஸ்?" என்றார் சின்னையா. "தொட்டாத்தானே சுடும்."

கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சரி என்று தலையாட்டினார். மறுநாளே தொடங்கினார். ஒன்பது நாள், தன்னந்தனியாக. மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் வைத்துக் காராஸில் பெயிண்டைத் தேய்த்து எடுத்து, சேறு பூசி மறைத்தார். கையில் எண்ணெய் தடவி, அதன்மேல் உறை மாட்டிக்கொண்டு, ரெங்காஸின் பட்டை கீறாமல் பூப்போல வளையம் போட்டார். தகரத்தை ஆணியடிக்காமல் கம்பியில் கட்டினார். ஒளிப்பானேன், அந்த ஒன்பது நாளும் அவர் சந்தோஷமாக இருந்தார். வீட்டில் பாட்டுக்கூட முணுமுணுத்தார். கார்த்திகேசு அனுப்புகிற கூட்டம் கொப்புளம் வெடித்து உருளுவதை நினைத்து நினைத்துச் சிரித்தார்.

தொண்ணூற்றாறு தைப்பூசம் வந்தது. பினாங்கில் தைப்பூசம் என்றால் கேட்கவா வேண்டும். வாட்டர்ஃபால் ரோடு முழுக்கத் தண்ணீர்ப் பந்தல்; பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி, உறுமி, தேர் வரும் வழியெல்லாம் மலையாகக் குவித்த தேங்காய் நடுரோட்டில் சிதறிச் சிதறி உடைபடும் சத்தம். முதல் நாள் தேர், மறுநாள் காவடி. காட்டிலாகாவில் பாதிப் பேர் தமிழர்கள், எல்லாரும் லீவில். அந்த இரண்டு நாளும் மலையடிவாரத்தில் நூறு கோடாரி விழுந்தாலும் ஒரு காதுக்கும் எட்டாது. திருடர்களுக்கு அது வருஷந்தோறும் வரும் நல்ல நாள். சின்னையாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் அவரும் லீவு போட்டார்.

பூசத்தன்று விடிந்ததும் குளித்து, வேட்டி கட்டி, சாமி கும்பிடப் புறப்பட்டவர், கோயில் படிக்கட்டைத் தாண்டிக் காட்டுப்பாதையில் ஏறிவிட்டார். என்ன விழுந்தது, எவன் மாட்டினான் என்று பார்க்காமல் அவருக்கு சாமி கும்பிட ஓடவில்லை.

பதினேழாம் எண் ரெங்காஸ் முந்தைய நாளே விழுந்திருந்தது. பிளந்து போட்ட சிவந்த சிராய், அதில் கறுத்து உறைந்த பால். பக்கத்தில் கருகிய சீவல்கள். சரக்கு இருக்கிறதா என்று சோதிக்க, ஒரு சீவலைக் கொளுத்திப் புகையை மூக்கில் இழுப்பது அகில்காரர்களின் வழக்கம், மணந்தால் சரக்கு. பாவிகள் ரெங்காஸைக் கொளுத்தி மூச்சில் இழுத்திருக்கிறார்கள். சின்னையா உள்ளுக்குள் கொண்டாடினார் என்றுதான் சொல்ல வேண்டும். அப்போதுதான் புதருக்குள்ளிருந்து முனகல் கேட்டது.

ஒருவன் கிடந்தான். முகம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. கண் இருந்த இடத்தில் இரண்டு வீக்கம், உதடு பிதுங்கி, மூக்கிலிருந்து சீழும் நீரும். இரண்டு கையும் முட்டிவரை கொப்புளமாகி, மண்ணில் தேய்த்துத் தேய்த்துப் பிய்ந்திருந்தன. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் ஏதோ கிழிகிற சத்தம் வந்தது. கூட வந்தவர்கள் விட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். இரவு முழுக்க அங்கேயே கிடந்திருக்கிறான். காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பினான்.

"யாருண்ணே? கொஞ்சம் தண்ணி குடுண்ணே."

சின்னையா தண்ணீர் கொடுக்கவில்லை. வெட்டுண்ட மரத்தைத் தொடாமல், தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்பதை அப்புறம் யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தொன்பது மரத்தையும் ஒவ்வொன்றாக மனதில் எண்ணினார் என்பது மட்டும் நிச்சயம். கிடந்தவன் தானாகவே பேசிக்கொண்டிருந்தான். பெயர் பிச்சைமுத்து, பிறந்ததும் வளர்ந்ததும் ரப்பர்த் தோட்டம், தோட்டத்தை எண்ணெய்ச் செம்பனைக்கு மாற்றி லைனை இடித்துவிட்டார்கள், ஆறு மாதமாக வேலை இல்லை, சிவப்பு வளையம் போட்ட மரத்தை வெட்டு என்றுதான் கார்த்திகேசு சொல்லி அனுப்பினார்.

"பால் வந்துச்சுண்ணே," என்றான். "மத்தவனுங்க பயந்தானுங்க. பாலுக்கு என்னாலா பயம்னு நான்தான் கையில வழிச்சேன். நாம பாக்காத பாலா? அதே கையால மூஞ்சியத் தொடச்சிட்டேன்."

சின்னையா எழுந்தார். எழுபத்திரண்டாம் வருஷத்துக் கழுத்து எரிந்தது. மரம் தெரியாத டவுன் திருடனுக்குத்தான் அவர் கண்ணி வைத்தார். ஆனால் இந்த மரத்தில் தயங்காமல் கை வைக்க, பாலோடு பிறந்து பாலோடு வளர்ந்த ஒருவனால்தான் முடியும். அப்படியென்றால் தன்னைப் போன்றவனைத்தான் பிடித்திருக்கிறார். அட முண்டமே, என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார், இது உனக்குத் தோன்றவே இல்லையா?

வேட்டி மேல்துண்டால் அவன் முகத்தையும் கையையும் சுற்றி, தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். இறங்குகிற பாதை காவடிகள் ஏறுகிற ரோட்டில்தான் முடிகிறது. ஆயிரக்கணக்கான ஜனம். அலகு குத்தியவர்கள், முதுகில் கொக்கி மாட்டித் தேர் இழுப்பவர்கள், ரத்தமும் திருநீறுமாகக் கன்னங்கள். அதற்குள் ஒருத்தனைச் சுமந்துகொண்டு வழி விடுங்க, வழி விடுங்க என்று கத்தினார். கூட்டமும் விலகியது. இதுவும் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துவிட்டார்கள். வேல் வேல் என்று குரல் எழும்பியது. ஒரு பெண் குடத்தோடு ஓடிவந்து அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சின்னையாவுக்கு வாய்விட்டு அலறவேண்டும் போலிருந்தது. சுமை தோளில் இருக்க, ஆம்புலன்ஸ் நின்ற இடத்துக்கு ஓடினார்.

உயிர் பிழைத்தான். இரண்டு கண்ணும் போய்விட்டன.

நாலாம் நாள் பிச்சைமுத்துவின் மனைவி ருக்குமணி, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து வந்துவிட்டாள். தட்டில் வாழைப்பழமும் ஆப்பிளும். வாசலிலேயே விழுந்து கும்பிட்டாள். கூட வந்தவர்களே விட்டுவிட்டு ஓடியபோது ஒரு காட்டிலாகாக்காரர் தூக்கி வந்தாரே என்று அழுதாள். அவர் பார்க்கணும் என்கிறார், ஒரு நடை வாங்கண்ணே என்றாள். நவமணி உள்ளேயிருந்து கணவரைப் பார்த்த பார்வையில் எல்லாம் தெரிந்திருந்தது. வீட்டில் மண்ணெண்ணெய் வாடை ஒன்பது நாள் வீசியதே, அவளுக்கா தெரியாது.

போனார். பெரிய ஆஸ்பத்திரி வார்டில் கடைசிக் கட்டில். பிச்சைமுத்துவின் கண்ணிலும் கையிலும் வெள்ளைத் துணிக் கட்டு. கட்டில் ஓரத்து பெஞ்சில், யார் என்று பார்த்தால், கார்த்திகேசு. பழக்கூடையும் கையுமாக, சொந்தக்காரர் மாதிரி. அவனும் சின்னையாவைப் பார்த்தான். காப்பிக்கடை ஞாபகம் வந்திருக்க வேண்டும், லேசாக நகர்ந்து உட்கார்ந்தான். எழுந்து போகவில்லை.

பிச்சைமுத்து நன்றி சொன்னான். சின்னையாவின் கை எங்கே என்று தேடினான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, தயங்கித் தயங்கி அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"அண்ணே, அந்த மரம் என்னாச்சு? நல்ல கறுப்பா இருந்துச்சே. உள்ள சரக்கு இருந்துச்சா?"

பிச்சைமுத்து மேலே சொன்னான்: கண் போனாலும் பரவாயில்லை, சரக்கு கிடைத்திருந்தால் தன் பங்கு உண்டு என்று கார்த்திகேசு அண்ணன் சொல்லியிருக்கிறார். மிச்சமிருக்கும் பதினோரு வளைய மரத்துக்கும் அடுத்த வாரம் ஆள் போகிறது. ருக்குமணியின் தம்பியும் போகிறான். அவனும் தோட்டத்துப் பையன்தான், பயப்பட மாட்டான்.

சின்னையா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆமாம் தம்பி, சரக்கு இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவனுக்கும் ஆறுதல், பன்னிரண்டு காராஸும் பிழைக்கும். இன்னும் பதினோரு ரெங்காஸ் வளையத்தோடு காத்திருக்கின்றன, இன்னும் எத்தனையோ கைகளும் கண்களும் வேகும், கடைசியில் பயந்துபோய் இந்தக் காட்டுப் பக்கமே எவனும் தலை வைக்க மாட்டான். இருபத்துநாலு வருஷமாக அவர் கேட்டது அதைத்தானே. உண்மையைச் சொன்னாலோ, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன் காதில் விழும், வளையம் இல்லாத மரத்தைத் தேட அவனுக்குத் தெரியும், பன்னிரண்டும் போகும். இது அவருக்கு வெயில் மாதிரித் தெளிவாகத் தெரிந்தது.

"அது காராஸே இல்ல, தம்பி," என்றார். கார்த்திகேசுவுக்கும் கேட்க வேண்டுமென்றே குரலை உயர்த்தினார். "ரெங்காஸ். எல்லாமே ரெங்காஸ். வளையத்த மாத்திப் போட்டது நான்தான். வெட்ட வர்றவன் வேகட்டும்னுதான் போட்டேன். ஒன் மச்சான அனுப்பாத."

அதற்கப்புறம் நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடலாம். கார்த்திகேசு அன்றைக்கு வார்டை விட்டுப் போன வேகத்திலேயே எல்லாம் தெரிந்தது. சின்னையா அன்று மாலையே மலையேறி ரெங்காஸ்களிலிருந்த வளையத்தை ஒவ்வொன்றாக அழித்தார். ருக்குமணியின் தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது பத்தாஸ் என்ற ஊர்ப் பக்கம் லாரி ஓட்டுகிறான். காராஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. நாலாவதை வெட்டும்போது குறுக்கே போய் நின்ற சின்னையாவின் கால் முட்டியைக் கோடாரிக் காம்பால் உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். விசாரணையில் அவர் எதையும் மறைக்கவில்லை, வேலையும் போனது. மறு வருஷம் கனகேஸ்வரி வந்து எண்ணியபோது அந்தச் சரகத்தில் காராஸ் ஒன்றுகூட இல்லை. ரெங்காஸ் அறுபத்தேழு.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்று வார்டில், அவர் சொல்லி முடித்ததும், ருக்குமணி கையிலிருந்த தம்ளர் விழுந்து உருண்டது. அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். பிச்சைமுத்துவுக்கு மட்டும் புரியக் கொஞ்சம் நேரம் எடுத்தது. மூச்சு இழுத்து இழுத்து வாங்கினான். நெஞ்சுக்குள் அந்தக் கிழிகிற சத்தம் இன்னும் இருந்தது.

"கிட்ட வாண்ணே," என்றான்.

சின்னையா போனார். கட்டுப் போட்ட கை காற்றில் எழும்பி வேகமாக இறங்கியது. கட்டில் கம்பியில் பட்டது. வலியில் ஊளையிட்டுக்கொண்டே மறுபடி ஓங்கினான். அது தலையணையில் விழுந்தது. மூன்றாவதும் வெறும் காற்றைத்தான் அடித்தது. வெள்ளைத் துணியில் ரத்தம் ஊறத் தொடங்கியது. நர்ஸ் ஓடிவந்தாள். சின்னையா அவளைக் கையால் தடுத்து நிறுத்தினார். வாழ்நாளில் ஓர் அடியையும் திருப்பிக் கொடுக்காமல் வாங்காத மனிதர், குனிந்து, அந்தக் கைக்கு எட்டும் இடத்தில் தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்தார்.

"இங்க இருக்கேன், தம்பி," என்றார்.